தீவகத்துப் பாலர் பள்ளிகள்

ஒரு பொருளுக்குப் பல பெயர் வைத்து வழங்குவது யாழ்ப்பாணத்து வழக்கம். மூன்று வயதும் நான்கு வயதும் நிரம்பிய குழந்தைகள் காலையிலே கூடி, பாட்டுப் பாடி, மணலில் விளையாடி, நண்பகலுக்கு முன்னர் வீடு திரும்பும் இடத்தை முதியவர்கள் பாலர் பள்ளி என்பார்கள். அவர்களுக்கு இளையவர்கள் நேர்சரி என்பார்கள். அரசாங்கக் கடிதங்கள் முன்பள்ளி என்று எழுதும். பெயர் எதுவாயினும், ஒரு குழந்தை தாயின் கையை விட்டு ஊரின் கையைப் பற்றிக்கொள்ளும் முதலிடம் அதுவே. அதனாலேதான் எந்தப் பள்ளி நல்ல பள்ளி என்ற கேள்வி எங்கும் கேட்கப்படுகின்றது. பெற்றார் கேட்கின்றனர், பிரதேச செயலகத்து உத்தியோகத்தர் கேட்கின்றனர், வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்புவோரும் கேட்கின்றனர். கேள்வி ஒன்றேயாயினும் கேட்பவர் நோக்கம் வேறு வேறு. பெற்றார் தெரிந்தெடுப்பதற்காகக் கேட்கின்றனர். உத்தியோகத்தர் அறிக்கை எழுதுவதற்காகக் கேட்கின்றனர். பணம் அனுப்புவோர் தம் பணம் பயன்பட வேண்டுமென்று கேட்கின்றனர். பாலர் பள்ளிகளை எவ்வாறு ஒப்பிட வேண்டும், எதற்காக ஒப்பிட வேண்டும் என்பதைத் தீவகத்தைக் கொண்டு ஆராய்வது பயனுடையதாகும்.

தீவகம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகின்றோமே தவிர, அங்குள்ள தீவுகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. அவற்றை இரு கூறாகப் பிரிக்கலாம். மண்டைதீவும், ஊர்காவற்றுறையும் வேலணையும் அடங்கிய பெருந்தீவும், புங்குடுதீவும் தாம்போதிகளாலே யாழ்ப்பாண நகரத்தோடு பிணைக்கப்பட்டவை. பண்ணையிலிருந்து புறப்படும் பஸ் வண்டி கடலின் நடுவே ஓடி, புங்குடுதீவின் மேற்கு முனையான குறிகட்டுவான் வரையிற் செல்கின்றது. காரைநகரும் பொன்னாலைத் தாம்போதியினாலே குடாநாட்டோடு சேர்ந்துள்ளது. மற்றக் கூறு கடல் வழியையே நம்பியிருப்பது. குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கு ஏறத்தாழக் கால் மணி நேரப் படகுப் பயணம். நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம். அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் ஊர்காவற்றுறையிலிருந்து படகேற வேண்டும். தாம்போதித் தீவு, படகுத் தீவு என்னும் இந்தப் பிரிவினை மனத்தில் இருத்திக்கொண்டாற்றான் பாலர் பள்ளிகளைப்பற்றிய ஒப்பீடு பொருளுடையதாகும்.

தீவக மக்கள் கல்வியிற் பின்தங்கியவர்கள் அல்லர். உலகத் தமிழாராய்ச்சிக்கு வழி வகுத்த தனிநாயகம் அடிகளார் 1913ஆம் ஆண்டிலே பிறந்த கரம்பன் ஊர்காவற்றுறையை அடுத்த ஊரேயாகும். விசயதசமி நாளிலே தட்டத்திற் பச்சையரிசியைப் பரப்பி, குழந்தையின் விரலைப் பிடித்து அகரம் எழுதுவித்து ஏடு தொடக்கும் வழக்கம் தீவுதோறும் இன்றும் உண்டு. முன்னாளில் ஏடு தொடக்கிய பிள்ளை திண்ணைப் பள்ளிக்குப் போயிற்று. பின்னர்க் கத்தோலிக்கத் திருச்சபையாரும் சைவப் பெரியோரும் நிறுவிய பாடசாலைகளிலே அரிவரி வகுப்பு என்று ஒன்று அமைந்தது.  அரிவரி வகுப்புப் பாடசாலையின் ஒரு பகுதியாக இருந்தது. அதற்கு ஆசிரியர் இருந்தார். அவருக்குப் பாடசாலைச் சம்பளமும் இருந்தது. இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் பாடசாலையிற் சேரும் வயதை ஐந்திலிருந்து ஆறாக உயர்த்தியது. பின்னர் அது மீண்டும் ஐந்தாயிற்று. ஆயினும் அரிவரி என்ற தனி வகுப்புத் திரும்பி வரவில்லை; முதலாம் தரமே பாடசாலையின் வாயிற்படியாயிற்று. 1945ஆம் ஆண்டு முதல் இலங்கை பெருமையோடு பேசிவரும் இலவசக் கல்வி இந்த வாயிற்படியிலேதான் தொடங்குகின்றது. அதற்கு முந்திய இரண்டு ஆண்டுகள் அரசாங்கப் பாடசாலைக்கு வெளியே நிற்கின்றன. அவ்வெளியிடத்தை நிரப்ப எழுந்தவையே ஊர்ப் பாலர் பள்ளிகள். சனசமூக நிலையம் ஒன்று தன் வாசிகசாலைக்கு அருகே ஒரு கொட்டிலைப் போட்டுத் தொடங்கும். மாதர் சங்கம் தொடங்கும். கோயிலோ தேவாலயமோ தன் மண்டபத்தைக் கொடுக்கும். கிராம அபிவிருத்திச் சங்கமும் பிரதேச சபையும் பொறுப்பேற்கும். ஊர் கூடி நடத்துவதனால் இவற்றைப் பொதுப் பள்ளிகள் என்று சொல்லலாம். ஆனால் முழுப் பொறுப்புடைய உடைமையாளர் ஒருவரும் இவற்றுக்கு இல்லை.

சட்டமும் இதே நிலையைத்தான் காட்டுகின்றது. 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புப் பதின்மூன்றாந் திருத்தம் முன்பள்ளிகளின் நிர்வாகத்தை மேற்பார்வை செய்யும் அதிகாரத்தை மாகாண சபைகளுக்கு அளித்தது. மேற்பார்வை என்ற சொல்லை நேயர்கள் கவனித்தல் வேண்டும். மேற்பார்வை செய்பவர் பார்ப்பார், பதிவார், அறிவுரை சொல்வார். சம்பளம் கொடுக்க வேண்டுமென்ற கட்டாயம் அச்சொல்லிற்குள் இல்லை. 2004ஆம் ஆண்டிலே முன்பிள்ளைப் பருவப் பராமரிப்புக்கும் அபிவிருத்திக்கும் ஒரு தேசியக் கொள்கை வகுக்கப்பட்டது. சிறுவர் செயலகத்தின் உத்தியோகத்தர்கள் பிரதேச செயலகங்களிலிருந்து பணி செய்கின்றனர். 2016ஆம் ஆண்டு நாடு முழுவதும் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பிலே 19,000க்கு மேற்பட்ட முன்பள்ளிகள் பதியப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை அரசாங்கத்தால் நடத்தப்படாதவை. ஆகவே ஒரு முன்பள்ளியின் நிலை பெரும்பாலும் அது நிற்கும் ஊரின் நிலையாகவே இருக்கின்றது. செல்வமுள்ள ஊரிலே அது செழிக்கும். மெலிந்த ஊரிலே மெலியும்.

முதலிலே தாம்போதித் தீவுகளைப் பார்ப்போம். வேலணை, புங்குடுதீவு முதலிய இடங்களின் மக்களிற் பெரும்பகுதியினர் 1990ஆம், 1991ஆம் ஆண்டுகளிலே போர் காரணமாக இடம்பெயர்ந்தனர். யாழ்ப்பாணம், வன்னி, கொழும்பு, இந்தியா, அப்பாற் கனடா, பிரித்தானியா, பிரான்சு, சுவிற்சர்லாந்து என்று அவர்கள் பரந்தனர். திரும்பி வந்தோர் தொகை சென்றோர் தொகையிலும் மிகக் குறைவு. கதவில்லாத வீடுகளும் கூரையில்லாத வீடுகளும் இன்றும் புங்குடுதீவிலே நிற்கின்றன. ஆனால் சென்றவர்கள் ஊரை மறக்கவில்லை. அவர்கள் அனுப்பும் பணத்தினாலே பாலர் பள்ளிகளுக்குக் கட்டிடம் எழுகின்றது, ஊஞ்சலும் சறுக்குமரமும் வருகின்றன, பெயர் பொறித்த வளைவு வாயிலில் ஏறுகின்றது. கட்டிடம் நிறைந்தும் பிள்ளைகள் குறைந்தும் இருப்பது இத்தீவுகளின் தனித்தன்மையாகும்.

இங்குள்ள பெற்றாருக்குத் தெரிந்தெடுக்கும் வசதி ஓரளவு உண்டு. பக்கத்து ஊர்ப் பள்ளி பிடிக்காவிட்டால் அடுத்த ஊர்ப் பள்ளிக்கு அனுப்பலாம். வசதியுடையோர் வான் வண்டியிலே நகரத்துக்கும் அனுப்பலாம். தெரிந்தெடுக்கும் வசதி இருக்கும் இடத்திலே போட்டியும் பிறக்கும். எந்தப் பள்ளியிற் சீருடை அழகு, எந்தப் பள்ளியின் விளையாட்டு விழாவுக்குப் பெரிய மனிதர் பிரதம விருந்தினராக வந்தார், எந்தப் பள்ளிப் பிள்ளை ஆங்கிலப் பாட்டை மனனஞ் செய்து ஒப்புவிக்கின்றது, எந்தப் பள்ளியிலே கொப்பி நிறைய எழுத்து இருக்கின்றது என்பனவே அளவுகோல்களாகி விடுகின்றன. பெற்றாரைக் குறை கூறுவதற்கில்லை. கண்ணுக்குத் தெரிவதைக் கொண்டே அவர்கள் அளக்கின்றனர். கண்ணுக்குத் தெரியாததை அளக்க அவர்களுக்கு எவரும் கற்பித்ததில்லை.

அடுத்து நயினாதீவு. ஏறத்தாழ 4 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள சிறு தீவு அது. நாகபூஷணி அம்மன் ஆலயமும் நாகவிகாரையும் அங்கே இருப்பதனால் ஆண்டு முழுவதும் அடியார்கள் படகேறி வருகின்றனர். இந்துக்களோடு இஸ்லாமியரும் அத்தீவிலே நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். இங்கே தூரம் பிரச்சினையன்று. எந்த வீட்டிலிருந்தும் குழந்தை தாயின் விரலைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு நடந்துவிடலாம். ஆசிரியையும் பெரும்பாலும் அவ்வூர்ப் பெண்ணாகவே இருப்பாள். குழந்தையின் பாட்டி யார், தகப்பன் எந்தக் கடலிலே தொழில் செய்கின்றான் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கும். இது நகரத்துப் பெரும் பள்ளிகளுக்குக் கிடைக்காத பேறு. ஆனால் அந்த ஆசிரியை பயிற்சிக்குப் போவதானாலும், நிறத்தாளும் களிமண்ணும் வாங்குவதானாலும், திணைக்களத்திலே ஒரு கடிதம் கொடுப்பதானாலும் படகேறி, பஸ் ஏறி, மாலைக்குள் மீண்டும் படகைப் பிடித்தாக வேண்டும். அன்று பள்ளிக்கு விடுமுறை.

நெடுந்தீவின் நிலை இவ்விரண்டினும் வேறானது. ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள தீவு அது. நயினாதீவைப்போலப் பத்து மடங்குக்கு மேற்பட்டது. மக்களோ சில ஆயிரவர். முருகைக்கல்லை அடுக்கிக் கட்டிய மதில்களுக்கிடையே குடியிருப்புக்கள் சிதறிக் கிடக்கின்றன. மட்டக்குதிரைகள் மேயும் வெளியும் பனங்கூடல்களும் அவற்றைப் பிரிக்கின்றன. நன்னீர்க் கிணறுகள் சில இடங்களிலேதான் உண்டு. மற்ற இடங்களில் நீர் உவர்ப்பு. இத்தகைய இடத்திலே ஒரு பாலர் பள்ளிக்கும் மற்றொன்றுக்கும் இடையிலே போட்டி என்பது இல்லை. வட்டாரத்துக்குக் கிட்டியுள்ள பள்ளி எதுவோ அதுவே குழந்தையின் பள்ளி. அது நல்லதாயின் குழந்தைக்கு நன்மை. அது மூடப்பட்டால், தகப்பனிடத்திலே சைக்கிளோ மோட்டார்ச் சைக்கிளோ இல்லாத குழந்தை வீட்டிலேயே இருந்துவிடும்.

ஆகவே எந்தப் பள்ளி நல்லது என்ற கேள்வி ஊர்காவற்றுறையிலே ஒரு பொருளையும் நெடுந்தீவிலே மற்றொரு பொருளையும் தருகின்றது. ஊர்காவற்றுறையிலே அது பெற்றார் விடை காண வேண்டிய கேள்வி. அவர்கள் விடைக்கேற்பப் பிள்ளையை மாற்றிச் சேர்க்கலாம். நெடுந்தீவிலே அதற்குப் பொறுப்பாளர்தாம் விடை சொல்ல வேண்டும். ஏனெனில் அங்கே பிள்ளையை மாற்ற முடியாது. பள்ளியைத்தான் மாற்ற வேண்டும். இந்த வேறுபாட்டை மறந்து, எல்லாப் பள்ளிகளையும் ஒரே பட்டியலிலே நிறுத்தி, முதலிடம், இரண்டாமிடம், கடையிடம் என்று இலக்கமிட்டால், கடையிடத்துப் பள்ளிக்கு அதனால் ஒரு பயனும் விளையாது. அவமானம் ஒன்றே மிஞ்சும்.

அப்படியானால் எவற்றைக் கொண்டு ஒப்பிடுவது? நான்கு அளவுகளைச் சொல்லலாம். முதலாவது, ஆசிரியை நிலைத்திருக்கின்றாளா என்பது. இரண்டாவது, குழந்தைக்கு உணவும் நீரும் கிடைக்கின்றனவா என்பது. மூன்றாவது, அங்கே குழந்தை விளையாடுகின்றதா, பேசுகின்றதா என்பது. நான்காவது, வர வேண்டிய குழந்தைகள் எல்லோரும் வருகின்றனரா என்பது. கட்டிடத்தின் அழகும் சீருடையின் நிறமும் இவற்றுக்குப் பின்னரே வரத்தக்கவை.

ஆசிரியையை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. மூன்று வயதுக் குழந்தைக்குப் பள்ளி என்பது கட்டிடமன்று, ஒரு முகம். அந்த முகம் மாறினால் குழந்தைக்குப் பள்ளியே மாறியதுபோலத்தான். தீவகத்திலே இந்த முகம் ஏன் அடிக்கடி மாறுகின்றது? அவளுடைய வருவாய் மிகச் சிறிது. 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்திலே முன்பள்ளி ஆசிரியைகளுக்கு அரசாங்கம் வழங்கும் மாதாந்தக் கொடுப்பனவு 1,000 ரூபாவால் உயர்த்தப்பட்டது. அதற்கு முன்னர் அது 2,500 ரூபாவாக இருந்தது. எஞ்சியதைப் பெற்றார் கொடுக்கும் மாதப் பணத்தாலும் ஊர்ச் சங்கங்களின் உதவியாலும் ஈடுசெய்ய வேண்டும். பெற்றாரோ பெரும்பாலும் கடற்றொழிலாளர். சோளகக் காற்று எழுந்து கடல் கொந்தளிக்கும் மாதங்களிலே வள்ளங்கள் கரையிலே கிடக்கும். வள்ளம் கரையிலே கிடந்தால் வீட்டில் அடுப்பே மெலியும். பள்ளிப் பணம் எங்கிருந்து வரும்? ஆகவே படகுத் தீவிலே பாலர் பள்ளி ஆசிரியையின் வருவாயைக் காற்றே தீர்மானிக்கின்றது. தாம்போதித் தீவிலே உத்தியோகத்தரும் வியாபாரியும் கலந்து வாழ்வதனாலும், வெளிநாட்டுப் பணம் வருவதனாலும் இந்தத் தாக்கம் குறைவு. ஒரே பயிற்சி, ஒரே உழைப்பு. ஆனால் வருவாயிலே வேறுபாடு. அந்த வேறுபாடு ஆசிரியையின் திறமையினால் வந்ததன்று; அவள் பிறந்த கரையினால் வந்தது.

அரசாங்கப் பாடசாலை ஆசிரியர் கஷ்டப் பிரதேசத்திலே பணி செய்தால் அதற்கெனத் தனிக் கொடுப்பனவு உண்டு. அதே தீவிலே, அதே வெயிலிலே, அதே உவர் நீரைக் குடித்துப் பணி செய்யும் பாலர் பள்ளி ஆசிரியை அரச சேவையைச் சேர்ந்தவளல்லள்; ஆகவே அந்தக் கணக்கிலே அவள் பெயர் வருவதில்லை. திருமணமாகியோ, வேறு உத்தியோகம் கிடைத்தோ, நகரத்துக் கடையொன்றிலே இதனினும் கூடிய சம்பளம் கிடைத்தோ அவள் விலகிச் செல்வாளாயின் அவளைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

உணவைப்பற்றிச் சொல்ல வேண்டும். முன்பள்ளிக் குழந்தைகளுக்குக் காலை உணவு வழங்கும் திட்டத்துக்கு ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 60 ரூபாவாக இருந்த தொகை 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்திலே 100 ரூபாவாக உயர்த்தப்பட்டது. நல்ல செயல். ஆனால் 100 ரூபாவுக்கு எல்லா இடத்திலும் ஒரே அளவு பொருள் கிடைப்பதில்லை. வேலணைக் கடைக்கு லொறி நேரே வருகின்றது. நெடுந்தீவுக் கடைக்கு வரும் பயறும் முட்டையும் குறிகட்டுவானிலே இறக்கி, படகிலே ஏற்றி, மறுகரையிலே இறக்கி வர வேண்டும். ஒவ்வோர் ஏற்றிறக்கமும் விலையோடு சேர்கின்றது. தொகை சமமாக இருந்தும் கோப்பையிற் கஞ்சி சமமாக இல்லை. படகுத் தீவுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது சலுகையன்று. சமத்துவத்தின் பெயரால் நேர்ந்த குறைவை ஈடுசெய்வதேயாகும்.

பாக்கு நீரிணைக்கு அப்பால், தமிழ்நாட்டு அனுபவம் இங்கே நினைக்கத்தக்கது. இந்தியாவிலே 1975ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆந் திகதி தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அங்கன்வாடி நிலையங்களை உண்டாக்கியது. 1982ஆம் ஆண்டு யூலை 1ஆந் திகதி முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன் தொடக்கிய சத்துணவுத் திட்டம் பள்ளிப் பிள்ளைகளோடு, பள்ளி வயதை எட்டாத கிராமக் குழந்தைகளையும் தன்னுள் அடக்கியது. அங்கேயும் குறைகள் உண்டு. பணியாளர்கள் கூடிய ஊதியம் கேட்டுக் குரல் எழுப்பியே வருகின்றனர். ஆனால் ஒரு பெரும் வேறுபாடு கருதத்தக்கது. அங்கே குழந்தை நிலையத்தை நடத்துவதும், பணியாளருக்கு ஊதியம் கொடுப்பதும் அரசாங்கத்தின் பொறுப்பு. இராமேசுவரத்து மீனவக் குப்பத்திலே கடற்றொழில் நின்றுவிட்ட மாதத்திலும் அங்கன்வாடியின் அடுப்பு எரிய வேண்டுமென்பது அரசின் கடமை. நெடுந்தீவிலே அக்கடமை ஊரின் தலையிலே இருக்கின்றது.

மூன்றாவது அளவு விளையாட்டும் பேச்சும். குழந்தை விளையாட்டின் வழியே கற்கின்றது என்பது புதிய கருத்தன்று. செருமனி நாட்டு புரோபெல் என்பார் 1837ஆம் ஆண்டிலே தொடங்கிய பள்ளிக்குப் பின்னர்க் குழந்தைத் தோட்டம் என்றே பெயரிட்டார். இத்தாலி நாட்டு மரியா மொண்டிசோரி அம்மையார் 1907ஆம் ஆண்டு உரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பு ஒன்றிலே தம் முதற் குழந்தை இல்லத்தைத் திறந்தார். அவர் 1939ஆம் ஆண்டு சென்னை அடையாற்றுக்கு வந்தார். 1944ஆம் ஆண்டு இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். ஏழைக் குழந்தைகளுக்காகப் பிறந்த அம்முறையின் பெயர் பின்னாளிலே கட்டணம் வாங்கும் நகரப் பள்ளிகளின் பெயர்ப்பலகைக்கு அணிகலமாகிவிட்டது என்பது வருந்தத்தக்கது.

அம்முறைக்கு வேண்டிய பொருள்கள் தீவகத்துக் கரைகளிலே இயற்கையாகக் கிடக்கின்றன. சிப்பியும் சோகியும் எண்ணுவதற்கு, பனையோலை மடிப்பதற்கும் பின்னுவதற்கும், ஈரமணல் எழுதுவதற்கும் அழிப்பதற்கும், பனங்கொட்டை உருட்டுவதற்கு. கொக்கான் வெட்டும் பிள்ளை கூட்டலையும் கழித்தலையும் கையாலே கற்கின்றது. கெந்தித் தொட்டு விளையாடும் பிள்ளை உடலின் சமநிலையைக் கற்கின்றது. படகு வந்தது, வலை காய்ந்தது, காற்று மாறியது என்று பேசும் பிள்ளை, கோவைப்படச் சொல்லும் வன்மையைப் பெறுகின்றது. இவ்வகையிலே நெடுந்தீவுப் பள்ளி நகரத்துப் பள்ளிக்குச் சிறிதும் தாழ்ந்ததன்று. வெளியும் மணலும் மிகுதியாக உள்ளமையால் மேம்பட்டதாகவும் இருக்கலாம்.

ஆனால் இரு கூற்றுத் தீவுகளிலும் ஒரு நிழல் விழுகின்றது. அது ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் நிழல். அப்பரீட்சைக்கு ஆயத்தம் முதலாந் தரத்திலே தொடங்க வேண்டுமென்று பெற்றார் எண்ணுகின்றனர். முதலாந் தரத்துக்கு ஆயத்தம் பாலர் பள்ளியிலே தொடங்க வேண்டுமென்றும் எண்ணுகின்றனர். எனவே மூன்று வயதுக் குழந்தையின் கையிலே பென்சில் திணிக்கப்படுகின்றது. விரல் எலும்பு முற்றாத கை கோட்டுக்குள் எழுதப் பழக்கப்படுகின்றது. ஆசிரியைக்கு இது தகாதென்று தெரியும். பயிற்சியிலே அவளுக்கு அவ்வாறுதான் சொல்லிக்கொடுத்தனர். ஆனால் மாதப் பணம் கொடுப்பவர் பெற்றார். கொப்பியிலே எழுத்து இல்லையென்று அவர்கள் பிள்ளையை நிறுத்தினால் அவள் வருவாய் போகும். சம்பளம் யாரிடமிருந்து வருகின்றதோ அவர் விருப்பமே பாடத்திட்டமாகிவிடுகின்றது. முதலாவது அளவும் மூன்றாவது அளவும் இவ்விடத்திலே ஒன்றாகின்றன.

நல்ல பாலர் பள்ளியினாலே உண்மையில் என்ன பயன் என்று வினவுவோருக்கு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலே நடந்த ஓர் ஆய்வை எடுத்துக்காட்டலாம். இப்சிலாந்தி என்ற ஊரிலே, பெரி என்னும் பெயருடைய ஆரம்பப் பாடசாலையிலே 1962ஆம் ஆண்டு அது தொடங்கியது. வறிய குடும்பத்துக் குழந்தைகள் 123 பேர் எடுத்துக்கொள்ளப்பட்டனர். 58 பேருக்கு நல்ல பாலர் கல்வி அளிக்கப்பட்டது. 65 பேருக்கு அளிக்கப்படவில்லை. இரு சாராரையும் நாற்பது வயது வரையிற் பின்தொடர்ந்து பார்த்தபோது, பாலர் கல்வி பெற்றோரிற் கூடிய பங்கினர் உயர் பாடசாலைப் படிப்பை முடித்திருந்தனர், கூடுதலாக உழைத்தனர், குற்றம் புரிந்து பிடிபட்டோரும் அவர்களிடையே குறைவு. அப்பள்ளியின் சிறப்பு மாளிகையிலே இருக்கவில்லை. தகைமை பெற்ற ஆசிரியர்கள் சிறு தொகைக் குழந்தைகளோடு பழகினர். கிழமைக்கு ஒரு முறை ஒவ்வொரு குழந்தையின் வீட்டுக்கும் சென்று தாயோடு பேசினர். வீட்டுக்குச் சென்று தாயோடு பேசுதல் நயினாதீவு ஆசிரியைக்கு இயல்பாகவே வாய்த்திருக்கின்றது. அவளுக்கு வாய்க்காதது நிலையான ஊதியமே.

நான்காவது அளவு, வர வேண்டிய குழந்தைகள் எல்லோரும் வருகின்றனரா என்பது. தொகை குறைந்த பள்ளிகளை ஒன்றாக இணைத்துவிட வேண்டும் என்று நிர்வாகத்தார் சொல்வதுண்டு. அதிலே நியாயம் இல்லாமலில்லை. ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு கட்டிடம், அடுத்த தெருவிலே ஆறு பிள்ளைகளுக்கு மற்றொரு கட்டிடம் என்று இருப்பதிலும், இரண்டையும் சேர்த்து இரண்டு ஆசிரியைகளை வைத்து நடத்துவது நன்று. பிள்ளைக்கு விளையாட்டுத் தோழரும் கிடைப்பர். தாம்போதித் தீவுகளிலே, தெருவும் பஸ்சும் உள்ள இடங்களிலே, சங்கங்கள் தம் பெயர்ப்பற்றைச் சற்று ஒதுக்கி வைத்தால் இது கைகூடும். ஆனால் அதே விதியை நெடுந்தீவுக்கும் அனலைதீவுக்கும் பொருத்துவது தவறு. அங்கே ஒரு பள்ளியை மூடினால் பிள்ளைகள் அடுத்த பள்ளிக்குப் போகமாட்டார்கள், எங்குமே போகமாட்டார்கள். மூடப்பட்ட பள்ளியின் பிள்ளைத்தொகையைக் கணக்கேட்டிலிருந்து நீக்கிவிடலாம். அப்பிள்ளைகளை ஊரிலிருந்து நீக்க முடியாது. குறைந்த தொகை இத்தனை என்று விதி செய்வோர், கடலைக் கடந்தபின் அவ்விதியைத் தளர்த்த வேண்டும்.

செய்யத்தக்கவை சில உண்டு. அவை பெருஞ் செலவுடையனவும் அல்ல. ஆசிரியையின் அடிப்படை ஊதியம் காற்றையும் வலையையும் நம்பாமல் மாதந்தோறும் வருமாறு மாகாணமும் அரசாங்கமும் பொறுப்பேற்றல் வேண்டும். பெற்றார் பணம் அதற்கு மேலே வரும் துணையாக இருக்கலாம். படகுத் தீவுகளுக்கு உணவுத் தொகையும் ஆசிரியை கொடுப்பனவும் ஏற்றுக்கூலிக்கேற்ப உயர்த்தப்படல் வேண்டும். ஆசிரியைகளைப் பயிற்சிக்கு நகரத்துக்கு அழைப்பதற்குப் பதிலாகப் பயிற்றுநர் ஒருவர் தீவுக்குச் சென்று சில நாள் தங்கிக் கற்பித்தால் பள்ளி மூடப்படாது. பயிற்றுநரும் அவ்விடத்து நிலையை நேரிலே காண்பார். கடல் கடந்து வாழும் ஊரவர், இன்னும் ஒரு வாயில் வளைவுக்குக் கொடுக்கும் பணத்தை ஆசிரியைக்கான நிதியாக வங்கியிலே இட்டு, அதன் வட்டியை மாதாமாதம் கொடுக்கச் செய்யலாம். புங்குடுதீவிலே பிள்ளையின்றி நிற்கும் ஊஞ்சலைவிட, அனலைதீவிலே ஆசிரியையோடு நிற்கும் கொட்டில் மேலானது.

ஒப்பீடு வேண்டாம் என்பது இதன் கருத்தன்று. ஒப்பிடாமற் குறை தெரியாது. குறை தெரியாமல் நிறைவு வராது. ஆனால் ஒப்பீட்டின் பயன் உயர்ந்ததைப் புகழ்வதன்று; தாழ்ந்ததற்கு என்ன குறைகின்றது என்று அறிந்து, அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. வேலணையிலே உள்ள பெற்றார் ஒருவர் அடுத்த முறை பாலர் பள்ளியொன்றைப் பார்க்கப் போகும்போது கொப்பியைத் திறந்து பார்க்காமல், ஆசிரியை எத்தனை ஆண்டாக அங்கே இருக்கின்றாள் என்று கேட்கலாம். அறிக்கை எழுதும் உத்தியோகத்தர், கட்டிடத்தின் நீள அகலத்தை எழுதியபின், சோளகக் காலத்திலே ஆசிரியைக்கு எவ்வளவு கிடைத்தது என்றும் ஒரு வரி எழுதலாம்.

ஆண்டுத் தொடக்கத்திலே ஊர்காவற்றுறைக் குழந்தையும் நெடுந்தீவுக் குழந்தையும் முதலாந் தரத்திலே சேர்கின்றன. இருவருக்கும் அரசாங்கம் ஒரே பாடநூலைக் கொடுக்கின்றது. ஐந்தாண்டின் பின்னர் ஒரே நாளிலே ஒரே வினாத்தாளையும் கொடுக்கின்றது. நூலும் வினாத்தாளும் ஒன்றாக இருக்குமானால், அவற்றுக்கு முந்திய இரண்டு ஆண்டுகளை மட்டும் கடலின் விருப்பத்துக்கு விட்டுவிடுவது நீதியாகுமா என்பதை நேயர்கள் சிந்தித்துப் பார்ப்பார்களாக.